வாங் வியெங்: ஆற்றில் மிதந்து, இரவில் ஆடி, முழுதாகத் திரும்பி வர ஒரு வழிகாட்டி

லாவோஸ் நாட்டின் வாங் வியெங் ஒரு சிற்றூர். மேற்கே சுண்ணாம்புக்கல் மலைகள் சுவர்போல் எழுந்து நிற்கின்றன. அவற்றின் காலடியில் நாம் சோங் ஆறு ஓடுகிறது. ('நாம்' என்றால் லாவோ மொழியில் நீர். "நாம் சோங் என்றால், நீங்கள்?" என்று கேட்காத தமிழ் நண்பரை நான் இன்னும் சந்திக்கவில்லை.) பகலில் காற்றடைத்த டியூபில் ஆற்றில் மிதப்பது, மாலையில் கரையில் பீர், இரவில் ஆட்டம். முதுகுப்பையோடு வரும் இளைஞர்கள் இதற்காகத்தான் இங்கே இறங்குகிறார்கள்.

மூன்று முறை போயிருக்கிறேன். அதில் இரண்டு முறை புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் இடறியதெல்லாம் வரிசையில்தான். குடித்துவிட்டு ஆற்றில் இறங்கினார்கள். கரையேறும் இடம் தெரியாமல் மிதந்தார்கள். இரவு ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் வண்டி ஓட்டினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் செய்யத்தக்கதுதான். முன்பின்னாகச் செய்தால் அடி விழுகிறது. ஆகவே கீழே உள்ள எண்களை அதே வரிசையில் பின்பற்றுங்கள்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

டிக்கெட் விலையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் தவறு. இந்த ஊரில் ஆறுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை நீர் தெளிந்து, மெதுவாக ஓடும். முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்றது இந்தக் காலம்தான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிரும். ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களையும் காடுகளையும் எரிப்பார்கள். புகையில் மலையே தெரியாது. ஏப்ரல் நடுவில் வரும் லாவோ புத்தாண்டில் ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும். அதற்காகப் போவதென்றால் புகையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. மலைகள் பச்சைப் பசேலென்று இருக்கும், ஆறோ காபி நிறத்தில் சீறும். நீச்சல் தெரியாதவர்கள் அந்த மாதங்களில் டியூப் பக்கமே போக வேண்டாம்.

2. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

விசா: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தலைநகர் வியந்தியானின் விமான நிலையத்திலும் தாய்லாந்து எல்லையிலுள்ள நட்புறவுப் பாலத்திலும் விசா வாங்கலாம், முன்கூட்டியே இணையத்தில் மின்விசாவும் எடுக்கலாம். மின்விசாவை எல்லா எல்லைகளிலும் ஏற்பதில்லை என்பதால், நீங்கள் நுழையும் வாயில் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். வந்திறங்கி வாங்குவதென்றால் டாலர் நோட்டுகள் கிழிசலும் கறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மூலை கிழிந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்; அந்த நேரத்தில் கையில் வேறு நோட்டு இல்லாதவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

காப்பீடு: மலிவான பயணக் காப்பீடுகளில் இரண்டு விலக்குகள் இருக்கும். மது அருந்திய நிலையில் நடந்த விபத்து ஒன்று, இருசக்கர வாகன விபத்து மற்றொன்று. இந்த ஊரில் அடிபடுவதற்கான முக்கியக் காரணங்களே அவைதாம். நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். அண்டை நாட்டுக்கு மருத்துவ வண்டியில் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்க வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் தாய்லாந்தின் உதோன் தானிக்குத்தான் கொண்டுபோவார்கள்.

ஸ்கூட்டர் ஓட்டுவதாக இருந்தால் ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் காப்பீடு கைவிரிக்கும்.

பையில் வைக்க வேண்டியவை: குதிகாலில் வார் உள்ள செருப்பு (சாதாரண ரப்பர் செருப்பை முதல் பத்து நிமிடத்திலேயே ஆறு எடுத்துக்கொள்ளும்), நீர்புகாப் பை, தலையில் மாட்டும் டார்ச், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ஒரு லுங்கி. லுங்கியைச் சொன்னதும் சிரிக்கிறார்கள். ஆற்றிலிருந்து ஈரத்தோடு வந்து ஊருக்குள் நடக்கும்போது மேலே சுற்றிக்கொள்ள அதைவிட நல்ல துணி கிடையாது. நீச்சலுடையோடு தெருவில் நடப்பதை லாவோ மக்கள் வாய்விட்டுக் கண்டிக்க மாட்டார்கள். ஆனால் அது அவர்களுக்கு முகம் சுளிக்கிற காரியம்.

3. வந்து சேரும் வழி

தலைநகர் வியந்தியான்தான் நுழைவாயில். அங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 2021 டிசம்பரில் தொடங்கிய லாவோஸ்–சீன ரயில் பாதை இது. அதற்கு ஓராண்டு முன்பு திறந்த விரைவுச்சாலையில் வேனில் வந்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்.

ரயிலில் மூன்று விஷயங்களில் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, வியந்தியான் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் இருக்கிறது. நகர நடுவிலிருந்து கிளம்ப முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டாவது, டிக்கெட் விற்பனை சில நாட்களுக்கு முன்புதான் திறக்கும், விடுமுறைக் காலத்தில் உடனே தீர்ந்துவிடும். டிக்கெட்டிலுள்ள பெயரும் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தந்தை பெயர், முதலெழுத்துக் குழப்பம் உள்ள நம் ஆட்கள் இதில் கூடுதல் கவனம் வைக்கவும். மூன்றாவது, பைச் சோதனை. கத்தி, லைட்டர், அழுத்தி அடிக்கும் ஸ்ப்ரே வகைகள் எதையும் விடமாட்டார்கள். கொசு ஸ்ப்ரே, வாசனை ஸ்ப்ரே எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போகும். களிம்பாக வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பணம்

இந்திய ரூபாயை மாற்ற எண்ணிக்கொண்டு போக வேண்டாம். டாலரோ தாய் பாட்டோ கொண்டுபோய் வியந்தியானிலேயே மாற்றுங்கள். 2025 நிலவரப்படி ஒரு டாலருக்கு 21,000 கிப்புக்கு (லாவோஸ் நாணயம்) மேல் கிடைக்கிறது, அதாவது எல்லாமே ஆயிரக்கணக்கில். 10,000 கிப் கொடுக்க வேண்டிய இடத்தில் 1,00,000 கொடுப்பது இரவில், மங்கலான விளக்கில், இரண்டாவது பீருக்குப் பிறகு தவறாமல் நடக்கிறது. பெரிய நோட்டுகளைத் தனியாக வேறு பையில் வையுங்கள். இரவில் வெளியே போகும்போது சிறிய நோட்டுகள் மட்டும் போதும்.

5. அறை

பாட்டுச் சத்தம் கேட்கும் மதுக்கூடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் வசதி என்று தோன்றும். ஊர் மிகச் சிறியது, எங்கிருந்தும் பதினைந்து நிமிட நடைதான். ஆகவே ஆட்டம் ஆடும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மேற்குப் பக்கம் மலை தெரியும்படி அறை எடுங்கள். விடிகாலையில் மலைமேல் பஞ்சுபோல் மேகம் தங்கியிருக்க, வெப்பக்காற்றுப் பலூன்கள் எழும்புவதைப் படுக்கையிலிருந்தே பார்க்கலாம். அந்தக் காட்சிக்குக் காசு கிடையாது.

தனியாகப் போகிறவர்களுக்குப் பொதுப் படுக்கை விடுதிதான் நல்லது. டியூபுக்குத் துணை அங்கேதான் கிடைக்கும். பூட்டு மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள்.

6. முதல் நாள்: ஆற்றில் இறங்காமல் ஆற்றைப் பாருங்கள்

இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். பையைப் போட்டதும் டியூபை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். வேண்டாம். முதல் நாள் மாலை கரையோரமாக நடந்து போங்கள்.

பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, கரையேறும் இடம். ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. மிதந்து வரும்போது ஊர் உங்கள் இடக்கைப் பக்கம் வரும். நீரில் தாழ்ந்து உட்கார்ந்து பார்த்தால் எல்லாப் படித்துறையும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு பாலம், ஒரு பெயர்ப்பலகை, ஒரு மரம் என்று அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு, நீரின் வேகம். ஒரு குச்சியைப் போட்டுப் பாருங்கள். அதோடு சாதாரண நடையில் கூடவே போக முடிந்தால் நிம்மதியாக மிதக்கலாம். ஓடித்தான் பிடிக்க முடியும் என்றால் மறுநாள் டியூபைக் கைவிட்டு, வழிகாட்டியோடு கயாக் படகில் போங்கள்.

என்னோடு வந்த நண்பரின் தம்பி இந்த நடையை "வேலையற்ற வேலை" என்றான். மறுநாள் படித்துறையைத் தவறவிட்டு ஊரைத் தாண்டி வெகு தூரம் போய், யாரோ ஒருவரின் கீரைத் தோட்டத்தில் கரையேறி, டியூபைத் தலையில் சுமந்துகொண்டு வெறுங்காலோடு நடந்து வந்தான். தோட்டக்காரப் பெண்மணி அவனுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாராம்.

7. டியூப் நாள்

டியூப் என்றால் வேறொன்றும் இல்லை. நம் ஊர்க் கிணறுகளில் பிள்ளைகள் நீச்சல் பழகுவார்களே, அதே லாரி டியூப்தான். ஊருக்குள் வாடகைக்குக் கொடுப்பார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு, டுக்டுக் வண்டியில் ஏற்றி, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் ஆற்றில் விடுவார்கள். திருப்பிக் கொடுக்க மாலையில் கெடு உண்டு. தவறினால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். கெடு எத்தனை மணி என்பதைக் காசு கொடுக்கும் முன் கேளுங்கள். முன்பணமாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பதினொன்று, பன்னிரண்டு மணிக்குள் நீரில் இறங்கிவிடுங்கள். வறண்ட காலத்தில் நிற்காமல் வந்தாலே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், கரையோர மதுக்கூடங்களில் நின்றால் இன்னும் கூடும். மேற்கே மலை இருப்பதால் டிசம்பரில் நான்கரை மணிக்கெல்லாம் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. அதன்பின் அதே நீர் ஐஸ் மாதிரி ஆகிவிடும். பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பி, இருட்டில் பற்கள் கிட்டிக்கக் கரையேறும் கூட்டத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கலாம்.

உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் தானாக நீட்டாமல் இருக்கலாம். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: டியூப் கவிழும்போது தலை பாறையில் பட்டால் நீச்சல் உதவாது. 2011-இல் மட்டும் இந்த ஊர் மருத்துவமனை பதிவு செய்த சுற்றுலாப் பயணிகளின் மரணங்கள் 27. அவற்றுக்குப் பிறகுதான், 2012-இல், கரையோர மதுக்கூடங்களையும் கயிற்று ஊஞ்சல்களையும் அரசு அடைத்தது. இப்போது இருப்பவை பின்னால் மெல்லத் திரும்பி வந்த சில கூடங்கள்.

நீரில் இருக்கும்போது:

கால்களை முன்னே நீட்டி, ஓடும் திசையைப் பார்த்து உட்காருங்கள். பாறை வந்தால் முதலில் கால் தாங்க வேண்டும்.

ஆழம் குறைந்த இடத்தில் கூழாங்கற்கள் அடியில் உரசும். இடுப்பைத் தூக்கிக்கொள்ளுங்கள். ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் எழுந்து நிற்க முயலாதீர்கள். கல்லிடுக்கில் பாதம் சிக்கினால், நீர் உங்களை முகம் குப்புறத் தள்ளும்.

நண்பர்கள் கால்களைக் கோத்துக்கொண்டு சங்கிலியாக மிதப்பது நல்ல வேடிக்கைதான். தாழ்வான மூங்கில் பாலம் தெரிந்தவுடன் விட்டுவிடுங்கள். சங்கிலி தூணில் மாட்டினால் நடுவில் இருப்பவர்தான் நசுங்குவார்.

மோட்டார் படகின் சத்தம் கேட்டால் ஓரத்துக்குத் துடுப்பு போடுங்கள். துடுப்பு என்றால் உங்கள் கைகள்தான்.

கரையோரக் கூடத்தில் நிற்க வேண்டுமானால் கையை உயர்த்துங்கள். கூடத்துப் பையன்கள் கயிற்றின் நுனியில் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டி எறிவார்கள். அது உங்களுக்கு அப்பால் விழுந்து, கயிறு மடிமேல் வந்து கிடக்கும், பிடித்துக்கொண்டால் இழுத்துவிடுவார்கள். தவறவிட்டால் பின்னால் நீந்திப் போகாதீர்கள், அடுத்த கூடம் வரும்.

ஆற்றில் இருக்கும் வரை ஒரு பீர், அதற்கு மேல் இல்லை என்பது என் கணக்கு. "ஒரு பீர்தானே அண்ணா" என்று நான்காவது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார்கள். லாவோ பீரின் பெரிய பாட்டில் 640 மில்லிலிட்டர். வெயிலில், வெறும் வயிற்றில், இரண்டு குடித்தாலே கையில் பிடி இருக்காது. ஊஞ்சலோ மரக்கிளையோ எதிலிருந்தும் ஆற்றில் குதிக்காதீர்கள். போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் முழங்கால் அளவாக இருக்கலாம்.

நீர்புகாப் பையைப் பற்றி ஒரு சொல். அதன் வாயை மூன்று முறை இறுக்கிச் சுருட்டினால்தான் நீர் புகாது. முதல் நாள் குளியலறை வாளியில் முக்கிப் பாருங்கள். எப்படியானாலும் கடவுச்சீட்டை ஆற்றுக்குக் கொண்டு போக வேண்டாம். கொஞ்சம் பணமும் ஒரு கைப்பேசியும் போதும்.

8. குடிப்பது: எதை, எப்படி

கரையேறி, டியூபைத் திருப்பிக் கொடுத்து, உடை மாற்றி, சாப்பிட்ட பிறகுதான் இந்தப் படி.

2024 நவம்பரில் இந்த ஊரில் தங்கியிருந்த ஆறு வெளிநாட்டுப் பயணிகள் மெத்தனால் நஞ்சால் இறந்ததாகச் செய்தி வந்தது. அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற நஞ்சுதான் அதுவும். ஆகவே நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டு மதுக்கூடத்தில், வண்ண விளக்கின் கீழ், கண்ணாடிக் கோப்பையில் கொடுக்கும்போது அது கள்ளச்சாராயமாக இருக்கலாம் என்ற நினைப்பே வருவதில்லை. மெத்தனாலை மணத்திலும் சுவையிலும் கண்டுபிடிக்க முடியாது.

என் விதி எளிது: உங்கள் கண்முன் மூடி திறக்கும் பீர் மட்டும். இலவசக் கோப்பை, வாளியில் கலந்து உறிஞ்சுகுழல் போட்டுத் தரும் பானம், பெயரில்லாத பாட்டிலிலிருந்து ஊற்றும் லாவோ லாவோ என்ற அரிசிச் சாராயம் மூன்றும் வேண்டாம். விடுதியே அன்பாகக் கொடுத்தாலும் வேண்டாம். கையை நெஞ்சில் வைத்து, சிரித்து, "கோப் சாய்" என்று நன்றி சொல்லி மறுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மெத்தனால் உடலுக்குள் மெல்லத்தான் நஞ்சாக மாறும். பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி வரலாம். இதைத்தான் குடித்த மறுநாள் வரும் வழக்கமான தலைவலி என்று எண்ணித் தூங்கிவிடுகிறார்கள். பார்வை மங்கினாலோ, கண்முன் பனி படர்ந்ததுபோல் தெரிந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். இதற்கு முறிவு மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் தேவை. உள்ளூர் மருத்துவமனையில் காட்டிய கையோடு பெரிய மருத்துவமனைக்குக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள். "மெத்தனால்" என்ற சொல்லை நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள். பகல் வெகுநேரம் அறையைவிட்டு வராத நண்பரைக் கதவைத் தட்டி எழுப்புங்கள், திட்டினால் திட்டட்டும்.

9. இரவு

மதுக்கூடங்கள் நள்ளிரவை ஒட்டி மூடிவிடுகின்றன. ஆகவே எட்டு மணிக்கே ஆட்டம் சூடு பிடித்துவிடும். சென்னை, பெங்களூர்ப் பழக்கத்தில் பதினொரு மணிக்குப் போனால் நாற்காலியைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள். மூடிய பின் யாராவது ஆற்றுக்குப் போகலாம் என்பார்கள். போகாதீர்கள்.

சில உணவகங்களில் 'ஹாப்பி' என்ற அடைமொழியோடு பீட்சாவும் பழக்கூழும் இருக்கும். கஞ்சாவோ போதைக் காளானோ கலந்தது என்று பொருள். லாவோஸில் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. வெளிப்படையாக விற்கிறார்கள் என்பதால் அனுமதி என்று எண்ணுவதுதான் இங்கே எல்லோரும் விழும் குழி. பட்டியலைப் பார்க்காமல் "ஷேக் ஒன்று" என்று சொல்லிவிட்டு முழிக்காதீர்கள்.

10. மறுநாள், அதற்கு மறுநாள்: மலையும் குகையும்

இரவு ஆட்டத்துக்கு அடுத்த காலை வண்டி ஓட்ட வேண்டாம். அன்று சும்மா இருங்கள். இந்த ஊரில் சும்மா இருப்பதும் ஒரு சுகம்.

அதற்கு மறுநாள் ஸ்கூட்டர் எடுங்கள். லாவோஸில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நேர்ச்சாலையில் யாரும் தவறு செய்வதில்லை. கடையிலிருந்து வெளியே திரும்பும் முதல் திருப்பத்தில்தான் நம் கை பழக்கத்தில் இடப்பக்கம் போகும். முதல் ஐந்து நிமிடம் பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். வண்டியை வாங்கும்போது எல்லாப் பக்கமும் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறலுக்கு உங்களிடம் காசு கேட்கும் பேச்சு அப்போதே அடங்கிவிடும்.

காலை ஏழு மணிக்கு ஆற்றைக் கடந்து நாம் சாய் காட்சிமுனைக்குப் போங்கள். செங்குத்தான ஏற்றம், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உச்சியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்; எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்து படம் எடுப்பார்கள். வெயில் ஏறுமுன் இறங்கி, ஊருக்கு மேற்கே ஏழு கிலோமீட்டரில் உள்ள முதலாம் நீலக்குளத்துக்கு வாருங்கள். பத்தரைக்கு மேல் வேன் வேனாகக் கூட்டம் வந்து குளம் சந்தையாகிவிடும். குளத்துக்கு மேலே தாம் பூ கம் குகை. உள்ளே சயன நிலையில் புத்தர் இருக்கிறார். பாறை வழுக்கும். நீங்கள் பையில் வைத்த டார்ச் இங்கேதான் உதவும். கைப்பேசி விளக்கை நம்பி இறங்குபவருக்கு ஒரு கை விளக்கைப் பிடிப்பதிலேயே போய்விடும், பாறையைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும்.

11. சாப்பாடு

சைவக்காரர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பப்பாளிக்காய் சாலட் காய்கறிதானே என்று வாங்காதீர்கள். அதில் பாதேக் என்ற புளித்த மீன் குழம்பு சேரும். "கின் ஜே" என்றால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசிச் சோற்றை விரலால் கிள்ளி உருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும். கையால் சாப்பிடத் தெரிந்த நமக்கு இது ஒன்றில் மட்டும் பயிற்சி தேவையில்லை.

12. கிளம்பும் நாள்

கடைசி இரவில் குடிக்காமல் இருங்கள். மேலே சொன்ன பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு அப்போது ரயிலிலோ விமானத்திலோ வந்து விழும். உதவிக்கு யாரும் இல்லாத இடம் அது.

கிப்பை லாவோஸுக்கு வெளியே மாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். அறை வாடகையைக் கடைசி நாள் மீதமுள்ள கிப்பில் கட்டுங்கள். நிலையத்துக்குப் போகும் டுக்டுக் கூலியை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். ரயில் நிலையம் ஊருக்குக் கிழக்கே தள்ளி இருப்பதால் நடந்து போக முடியாது. ரயில் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஈர உடைகளைப் பையின் அடியில் திணிக்காதீர்கள். சோதனையில் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னால், ஆற்று மணல் கொட்டும் அந்த லுங்கியைத்தான் வரிசையில் நிற்கும் எல்லோர் முன்னும் முதலில் உதற வேண்டியிருக்கும்.